உடலுக்குள் ஒரு கடிகாரம்: அதன் அமைதியான ஊழியர்கள்

(மஹல்லா ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

சற்று முன்பு செயலாளர் அவர்கள் வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். சந்தா எவ்வளவு, கடை வாடகை எவ்வளவு, மின்கட்டணம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார்கள். நூறு ரூபாய் வேறுபட்டாலும் எழுந்து நின்று கேட்கிறோம். அது நம் உரிமை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் தரப்படும் 24 மணி நேரத்தில் உறக்கத்திற்கு உரிய பங்கு உறக்கத்திற்குச் சேர்ந்ததா என்ற கணக்கை நாம் கேட்பதில்லை. அந்தக் கணக்கை நம் உடல் தானாகவே எழுதி வருகிறது. அதை எழுதும் கடிகாரம் எங்கே இருக்கிறது, அதை ஓட்டுபவர் யார் என்பதைப் பற்றி அண்மை ஆண்டுகளில் அறிஞர்கள் கண்டறிந்த செய்திகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். நம் ஜமாஅத் எடுக்க வேண்டிய சில முடிவுகளும் இதில் அடங்கியுள்ளன.

நேரம் கணித்த முன்னோர்

நேரத்தைக் கணிப்பது நம் சமுதாயத்திற்குப் புதிய கலை அன்று. ஐவேளைத் தொழுகையின் நேரங்கள் சூரியனைச் சார்ந்தவை. ஆகவே முற்காலத்துப் பெரிய பள்ளிவாசல்களில் நேரம் கணிப்பதற்கென்றே ஓர் அறிஞர் பணியமர்த்தப்பட்டார். அவருக்கு முவக்கித் என்று பெயர். 14-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் நகரின் உமையாப் பள்ளிவாசலில் அப்பணியை ஆற்றியவர் வானியல் மேதை இப்னுஷ் ஷாத்திர் அவர்கள். அப்பள்ளியின் மினாராவுக்காக 1371-ஆம் ஆண்டில் அவர் உருவாக்கிய சூரியக் கடிகாரம் வரலாற்றில் புகழ்பெற்றது. பாங்கு சொன்னவரின் குரல் ஊர் முழுவதும் கேட்டது. நேரத்தைக் கணித்துக் கொடுத்தவரோ தம் அறையில் அமைதியாக இருந்தார். இந்த அமைப்பை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்; மூளையைப் பற்றிப் பேசும்போது இது பயன்படும்.

கடிகாரம் எங்கே இருக்கிறது?

1729-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு வானியல் அறிஞர் தெ மைரான் ஒரு செடியைக் கவனித்தார். பகலில் இலை விரித்து, இரவில் இலை மூடும் செடி அது. அதை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சம் இல்லாதபோதும் உரிய வேளையில் அது இலைகளை விரித்தது. உரிய வேளையில் மூடியது. வெளியே இருக்கும் சூரியனைக் காணாமலேயே அதற்கு நேரம் தெரிந்திருந்தது. உயிருள்ளவற்றின் உள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கக்கூடும் என்ற சிந்தனைக்கு இதுவே தொடக்கமாயிற்று.

மனிதன் உள்ளிட்ட பாலூட்டிகளில் அந்தக் கடிகாரம் இருக்குமிடம் 1972-ஆம் ஆண்டில் தெரியவந்தது. இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளையின் அடிப்பகுதியில் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. அந்தச் சந்திப்புக்கு நேர் மேலே, ஹைபோதாலமஸ் என்னும் பகுதியில், இடம் ஒன்றும் வலம் ஒன்றுமாக இரு சிறு செல் தொகுதிகள் உள்ளன. சுப்ரகயாஸ்மேடிக் நியூக்ளியஸ் என்று அதற்குப் பெயர். நாவுக்கு எளிதாக இருக்கட்டும் என்று இவ்வுரையில் 'கடிகார மையம்' என்றே கூறுவோம். எலிகளில் இம்மையத்தை நீக்கியபோது, எப்போது ஓடுவது, எப்போது உறங்குவது, எப்போது நீர் அருந்துவது என்ற ஒழுங்கு முழுவதும் குலைந்தது.

1990-ஆம் ஆண்டில் இதற்கு மேலும் உறுதியான சான்று கிடைத்தது. ஹாம்ஸ்டர் என்னும் எலி இனத்தில் பிறவியிலேயே நாள் கணக்கு சுமார் 20 மணி நேரமாகக் குறைந்த ஒரு வகை உண்டு. அதன் கடிகார மையத்தை எடுத்து, தன் மையத்தை இழந்த மற்றொரு ஹாம்ஸ்டருக்குப் பொருத்தினார்கள். பெற்றுக்கொண்ட பிராணி, கொடுத்த பிராணியின் கணக்குப்படியே வாழத் தொடங்கியது. ஆகவே உடலின் நேரத்தை வகுப்பது அந்தச் சிறு மையமே என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. சுண்டெலியில் அம்மையத்தில் உள்ள நரம்பணுக்களின் எண்ணிக்கை சுமார் 20,000 மட்டுமே. மனித மூளை முழுவதிலும் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்பதோடு ஒப்பிட்டால், அது எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

தொட்டியும் மோட்டாரும்

அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது? 1971-ஆம் ஆண்டில் கொனொப்கா, பென்ஸர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பழ ஈக்களில் நாள் ஒழுங்கை மாற்றும் ஒரு மரபணுவைக் கண்டறிந்தனர். பின்னர் அது செயல்படும் விதத்தை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அதன் இயக்கத்தை நம் பள்ளிவாசலின் மேல்நிலைத் தொட்டியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். தானியங்கி சுவிட்ச் பொருத்திய மோட்டார் தொட்டியில் நீரை ஏற்றுகிறது. தொட்டி நிரம்பியதும் அந்த நீரே மிதவையை உயர்த்தி மோட்டாரை நிறுத்திவிடுகிறது. உளூச் செய்யச் செய்ய நீர் குறைகிறது. மிதவை இறங்கியதும் மோட்டார் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. செல்லுக்குள்ளும் இவ்வாறே. கிளாக், பிமால்-1 என்னும் இரு புரதங்கள் மோட்டாரைப் போன்றவை. அவை பீரியட், கிரிப்டோகுரோம் என்னும் வேறு புரதங்களை உருவாக்கச் செய்கின்றன. இவை போதிய அளவு சேர்ந்ததும், தம்மை உருவாக்கிய மோட்டாரையே நிறுத்துகின்றன. பிறகு சிறிது சிறிதாகச் சிதைந்து குறைகின்றன. குறைந்ததும் மோட்டார் மறுபடியும் ஓடுகிறது. இச்சுற்று ஒரு முறை நிறைவடைய ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகிறது. ஸுப்ஹானல்லாஹ்! இந்தச் சுற்று மூளையில் மட்டுமன்று, ஈரல், இதயம், தோல் என உடலின் பெரும்பாலான செல்களில் நடந்துகொண்டிருக்கிறது. அவற்றுக்கெல்லாம் நேரத்தை அறிவிக்கும் தலைமை மையமே நாம் மேலே கூறிய கடிகார மையம்.

பசை என்று ஒதுக்கப்பட்டவை

இனி நம் பேச்சின் மையக் கருத்துக்கு வருவோம். மூளையில் நரம்பணுக்கள் மட்டும் இல்லை. அவற்றைச் சூழ்ந்து வேறு வகைச் செல்களும் உள்ளன. 1850-களில் ஜெர்மனி நாட்டு மருத்துவ அறிஞர் விர்ஷோ அவற்றை நரம்புப் பசை என்று கருதினார். பசை என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்தே 'கிளையா' என்ற பெயர் அவற்றுக்கு வந்தது. செங்கற்களுக்கு இடையே பூசப்படும் சாந்து போல நரம்பணுக்களைப் பிடித்து வைப்பதுதான் அவற்றின் வேலை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது.

அவற்றுள் ஒரு வகை, நாற்புறமும் கதிர்களை நீட்டிய நட்சத்திரத்தைப் போன்ற வடிவம் கொண்டது. அதற்கு ஆஸ்ட்ரோசைட் என்று பெயர். 'நட்சத்திரச் செல்' என்று நாம் அழைக்கலாம். நரம்பணுக்களுக்கு உணவு சேர்ப்பது, அவை வெளியிட்ட வேதிப்பொருள்களைத் திரும்ப உறிஞ்சிச் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்குவது, இரத்தக் குழாய்களோடு தொடர்பு வைத்திருப்பது ஆகியன அதன் பணிகள் என்று பின்னர் தெரியவந்தது. அப்போதும் அதை ஏவலாளாகவே கருதினார்கள். நேரத்தை வகுக்கும் பொறுப்பு அதற்கும் உண்டு என்று எவரும் பெரிதாக எண்ணவில்லை.

இக்கருத்து மெல்ல மாறியது. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தனியே வளர்க்கப்பட்ட நட்சத்திரச் செல்களிலும் நாள் ஒழுங்கு காணப்படுவதாக வெளியிட்டனர். 2007, 2011 ஆகிய ஆண்டுகளில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் பழ ஈக்களில் செய்த ஆய்வுகள், கிளையாச் செல்களின் பணி கெட்டால் ஈயின் நாள் ஒழுங்கும் கெடுகிறது என்று காட்டின.

இரவுப் பணியாளர்

2017-ஆம் ஆண்டில் இரண்டு முக்கியமான ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பிரான்காச்சியோ, ஹேஸ்டிங்ஸ் முதலியோர் செய்தது. ஒளிரும் சாயங்களின் துணையால் சுண்டெலியின் கடிகார மையத்திலுள்ள செல்களை அவர்கள் நாள் கணக்கில் கவனித்தனர். நரம்பணுக்கள் பகல் வேளையில் சுறுசுறுப்பாக இருந்தன. நட்சத்திரச் செல்களோ இரவு வேளையில் சுறுசுறுப்பாக இருந்தன. ஒருவர் பணி முடிக்க, மற்றவர் பணி ஏற்பது போல இருவரும் முறை வைத்து இயங்கினர்.

இரவில் நட்சத்திரச் செல்கள் என்ன செய்கின்றன? குளுட்டமேட் என்னும் வேதிப்பொருளை நரம்பணுக்களைச் சுற்றிப் பெருகச் செய்கின்றன. பொதுவாக குளுட்டமேட் நரம்பணுக்களைத் தூண்டும் பொருள். ஆனால் இம்மையத்தில் அது அடக்கும் சமிக்ஞையை வலுப்படுத்துகிறது. அதன் விளைவாக இரவு முழுவதும் நரம்பணுக்கள் அமைதி காக்கின்றன. விடியும்போது நட்சத்திரச் செல்கள் ஓய, குளுட்டமேட் குறைகிறது; நரம்பணுக்கள் விழித்தெழுகின்றன. வீட்டில் குழந்தையைத் தட்டித் தூங்க வைத்துவிட்டு இரவெல்லாம் காவல் இருக்கும் தாயைப் போல, அந்தச் செல்கள் நரம்பணுக்களின் இரவைக் காக்கின்றன. 2023-ஆம் ஆண்டில் அதே ஆய்வகத்தினர், காபா என்னும் மற்றொரு அடக்கும் வேதிப்பொருளின் அளவையும் நட்சத்திரச் செல்களே முறைப்படுத்துகின்றன என்று வெளியிட்டனர்.

2017-ஆம் ஆண்டின் இரண்டாவது ஆய்வு, செயின்ட் லூயிஸில் ஹெர்ஸாக் அவர்களின் குழுவினர் செய்தது. சுண்டெலியின் நட்சத்திரச் செல்களில் மட்டும் பிமால்-1 மரபணுவை நீக்கினார்கள். நரம்பணுக்களின் கடிகாரத்தை அவர்கள் தொடவில்லை. ஆயினும் அந்தச் சுண்டெலியின் நாள் சுமார் ஒரு மணி நேரம் நீண்டுவிட்டது. துணைச் செல்லின் கடிகாரம் பழுதானால் தலைமைக் கடிகாரமே தவறுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

2019-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். கிரிப்டோகுரோம் மரபணுக்கள் அறவே இல்லாத சுண்டெலிகளைத் தேர்ந்தெடுத்தனர். அவற்றைத் தொடர்ந்து இருட்டில் வைத்தால் இரவு பகல் என்ற ஒழுங்கே இராது; நினைத்தபோது ஓடும், நினைத்தபோது உறங்கும். அவற்றின் கடிகார மையத்திலுள்ள நட்சத்திரச் செல்களில் மட்டும் இழந்த மரபணு ஒன்றைத் திரும்பச் சேர்த்தனர். நரம்பணுக்கள் கடிகாரம் இன்றியே விடப்பட்டன. அல்லாஹ்வின் ஆற்றலைப் பாருங்கள். அச்சுண்டெலிகளின் ஓட்டமும் ஓய்வும் மீண்டும் நாள் ஒழுங்குக்கு வந்துவிட்டன! வெறும் பசை என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட செல், தன்னந்தனியே நின்று முழு உடலுக்கும் நேரத்தை மீட்டுக் கொடுத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். நட்சத்திரச் செல்களே எல்லாம், நரம்பணுக்கள் ஒன்றுமில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. சுற்று எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதை நட்சத்திரச் செல்கள் வகுக்க முடியும். ஆனால் அந்தச் சுற்று எந்த வேளையில் நிற்க வேண்டும் என்பதை அவை முடிவு செய்வதில்லை என்று 2022-ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டியது. இரு சாராரும் சேர்ந்தே நேரத்தைக் காக்கின்றனர். மேலும் நாம் கூறியவை சுண்டெலிகளிலும் ஈக்களிலும் செய்யப்பட்ட ஆய்வுகள். மனித மூளையில் மரபணுவை நீக்கிப் பார்க்க எவருக்கும் அனுமதி இல்லை. மனிதருக்கும் அதே மையமும் அதே வகைச் செல்களும் இருப்பதால் இவ்வாறே நடக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகின்றனர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு ஆய்வு வெளிவந்தவுடனும், 'இதை நம் மார்க்கம் அன்றே சொல்லிவிட்டது' என்று மேடையில் முழங்குவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆய்வுகள் நாளை திருத்தப்படலாம். மார்க்கத்தை அவற்றோடு கட்டிப் போடுவது முறையன்று. படைப்பைக் கூர்ந்து நோக்கிச் சிந்திப்பது நம் கடமை. அச்சிந்தனை நம்முடைய நடைமுறையைத் திருத்த வேண்டும். அதற்காகவே இதைப் பேசுகிறோம்.

வெளிச்சமும் உணவும்

உள்ளிருக்கும் கடிகாரம் துல்லியமாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. மனிதரில் அதன் சராசரி 24 மணி 11 நிமிடம் என்று 1999-ஆம் ஆண்டில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணித்தனர். ஆகவே நாள்தோறும் அதைச் சரி செய்ய வேண்டியுள்ளது. அப்பணியைச் செய்வது வெளிச்சம். கண்ணின் விழித்திரையில் காட்சியைப் பார்ப்பதற்கான செல்கள் அல்லாமல், வெளிச்சத்தை அளப்பதற்கென்றே வேறொரு வகைச் செல்கள் இருப்பது 2002-ஆம் ஆண்டில் உறுதி செய்யப்பட்டது. அவை நேராகக் கடிகார மையத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. நீல நிற ஒளியே அவற்றை மிகுதியாகத் தூண்டும். வைகறைக்குப் பின் வானத்தின் ஒளியிலும் அது உண்டு. செல்போன் திரையிலும் அது உண்டு. நள்ளிரவில் திரையைப் பார்ப்பவரின் மூளைக்கு, விடிந்துவிட்டது என்ற தவறான தகவல் போய்ச் சேருகிறது.

2014-ஆம் ஆண்டின் இறுதியில் ஹார்வர்டு சார்ந்த ஆய்வாளர்கள் 12 பேரைக் கொண்டு செய்த ஓர் ஆய்வை வெளியிட்டனர். படுக்கைக்கு முன் சில மணி நேரம் ஒளிரும் திரையில் வாசித்தவர்களுக்கு, உறக்கத்தின் வருகையை அறிவிக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு, அச்சுப் புத்தகம் வாசித்தவர்களைவிட சுமார் ஒன்றரை மணி நேரம் பின்தள்ளிப் போயிற்று. மறுநாள் காலையில் அவர்கள் சோர்ந்தும் இருந்தனர்.

தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பின்பற்றுகிறது என்றால், ஈரலின் கடிகாரம் உணவு வேளையைப் பின்பற்றுகிறது. நள்ளிரவில் பிரியாணி உண்பவரின் மூளையில் ஒரு நேரமும் ஈரலில் வேறொரு நேரமும் ஓடத் தொடங்குகின்றன. ஒரே பள்ளிவாசலில் இரண்டு கடிகாரங்கள் இரண்டு நேரங்களைக் காட்டினால் ஜமாஅத் எப்படி நடக்கும்?

நம் வீட்டு இரவுகள்

பெரியோர்களே! நம் மஹல்லாவில் இரவு 11 மணிக்கு மேலும் விளக்கு எரியாத வீடுகள் எத்தனை? பிள்ளைகள் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு விழித்திருக்கிறார்கள். சவூதியில் இருக்கும் மகனுக்கு இரவு 10 மணி என்றால் நமக்கு 12.30 மணி. வேலை முடிந்து அவர் பேசும் அந்த நேரத்திற்காக மனைவியும் தாயும் காத்திருக்கிறார்கள். அந்தப் பாசத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் நாள்தோறும் அவ்வாறு காத்திருக்காமல், அவருடைய பகல் ஓய்வு வேளையிலோ விடுமுறை நாளிலோ பேசிக்கொள்ளலாமே என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-ஆம் ஆண்டில் அறிவித்தது. பெரியவர்களுக்கு 7 மணி நேரத்திற்குக் குறையக் கூடாது. பருவ வயதில் உடலின் கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பிந்தி ஓடும் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பதினாறு வயதுப் பையன் பஜ்ருக்கு எழத் தடுமாறினால் அவனைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன், அவன் எத்தனை மணிக்குப் படுத்தான் என்று கேளுங்கள். பஜ்ருக்கு எழுப்பும் முயற்சி இஷாவுக்குப் பின்னரே தொடங்க வேண்டும். இஷாவுக்குப் பிறகு வீண் பேச்சில் பொழுது கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை நாம் ஓதியிருக்கிறோம், நடைமுறையில்தான் மறந்துவிட்டோம்.

நம்மில் இரவுப் பணி செய்யும் சகோதரர்கள் உள்ளனர். ஓட்டுநர்கள், காவலாளிகள், மருத்துவமனை ஊழியர்கள், தொழிற்சாலைப் பணியாளர்கள் ஆகியோர் தம் குடும்பத்திற்காகவும் நமக்காகவும் விழித்திருக்கின்றனர். நாள் ஒழுங்கைக் குலைக்கும் இரவுப் பணி, புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியவற்றின் பட்டியலில் வைக்கத்தக்கது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ஆம் ஆண்டில் கூறியது. 2019-ஆம் ஆண்டிலும் அதை உறுதிப்படுத்தியது. இரவுப் பணி செய்பவர் எல்லோருக்கும் நோய் வரும் என்பது இதன் பொருள் அன்று. அவர்களுடைய பகல் உறக்கத்தைக் கலைக்கும் உரிமை நமக்கு இல்லை என்பதை இதிலிருந்து நாம் உணர வேண்டும். பக்கத்து வீட்டில் ஒருவர் பகலில் உறங்குகிறார் என்று தெரிந்தால், குரலைத் தாழ்த்துவதும் அண்டை வீட்டாருக்குரிய கடமையே.

ரமளான் மாதத்தில்

ரமளானில் உணவு வேளைகள் மாறுகின்றன. நோன்பு நோற்பதில் சிரமம் இல்லை; நாமே உண்டாக்கிக்கொள்ளும் விழிப்பில்தான் சிரமம். தராவீஹ் முடிந்ததும் நேரே வீட்டுக்குச் சென்று உறங்கினால் ஸஹர் நேரத்திற்குள் சில மணி நேரம் நல்ல உறக்கம் கிடைக்கும். ஆனால் நம் இளைஞர் பலர் தராவீஹ் முடிந்து கடைத்தெருவில் சுற்றி, தட்டுத் தட்டாக உண்டு, ஸஹர் வரை விழித்திருந்து, பகல் முழுவதும் உறங்குகின்றனர். அவர்களது உடலில் இரவும் பகலும் இடம் மாறிவிடுகின்றன. பெருநாள் முடிந்து பள்ளிக்கூடமும் வேலையும் தொடங்கும்போது உடல் தடுமாறுகிறது. லுஹரை ஒட்டிச் சிறிது நேரம் உறங்கும் கைலூலா என்னும் நல்வழக்கம் நம்மிடம் உண்டு. இருபது நிமிடம், அரை மணி நேரம் என அளவாக உறங்கினால், இரவு உறக்கம் கெடாமல் களைப்பு நீங்கும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உட்கொள்வோர் ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் சென்று, மருந்து வேளைகளைக் கேட்டு அமைத்துக்கொள்வது அவசியம்.

ஜமாஅத்தின் முன் சில வேண்டுகோள்கள்

இறுதியாக, நிர்வாகத்தாரின் முன் சிலவற்றை வைக்கிறோம். அவற்றுள் முதலாவது நம் மோதினார் அவர்களைப் பற்றியது.

இமாம் மிம்பரில் நிற்பதால் எல்லோரும் காண்கிறார்கள். மோதினாரின் குரலைக் கேட்கிறோம். அவரது நாளை நாம் காண்பதில்லை. பஜ்ர் பாங்கு 5 மணிக்கு என்றால், அவர் 4 மணிக்கு எழுந்து, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, தொட்டியில் நீர் இருக்கிறதா என்று பார்க்கிறார். இஷா முடிந்து, கடைசி ஆள் வெளியேறும் வரை காத்திருந்து, 9 மணிக்குக் கதவைப் பூட்டுகிறார். வீடு சென்று உண்டு படுக்க 10.30 மணி ஆகிறது. ஐந்தரை மணி நேரமே அவருக்கு உறக்கம். நாம் இரவு 11 மணி வரை கூட்டம் நடத்தினால், பாய் மடித்து, ஒலிபெருக்கியை எடுத்து வைத்து அவர் படுக்கும்போது நள்ளிரவு ஆகிவிடுகிறது. அப்போது நான்கு மணி நேரமே மிஞ்சுகிறது. வாரத்தின் ஏழு நாட்களும், ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் இப்படியே. நமக்கு நேரத்தை அறிவிப்பவரின் உடலில் நேரம் குலைந்து கிடப்பதை நாம் இத்தனை ஆண்டுகள் கணக்கில் எடுக்கவில்லை.

ஆகவே, வாரத்தில் இரண்டு நாட்களுக்கு பஜ்ர் பணியை ஏற்க ஒரு துணை மோதினாரை நியமிக்க வேண்டுகிறோம். அதற்குரிய ஊதியம் இன்று வாசிக்கப்பட்ட கணக்கில் நமக்கு இயலாத தொகை அன்று. உடனே இயலாவிட்டால், பாங்கு சொல்லத் தெரிந்த இளைஞர்கள் முறை வைத்து இப்பணியை ஏற்கலாம். அது அவர்களுக்கும் நன்மை.

இரண்டாவதாக, நம் இரவுக் கூட்டங்கள், சொற்பொழிவுகள், நிகாஹ் விருந்துகள் ஆகியவற்றை இரவு 9.30 மணிக்குள் முடித்துக்கொள்ளத் தீர்மானம் இயற்ற வேண்டுகிறோம். மார்க்கச் சொற்பொழிவு நீண்டதால் பஜ்ர் ஜமாஅத்தில் ஸஃப் குறைந்தது என்றால், அச்சொற்பொழிவால் கிடைத்த பயன் என்ன?

மூன்றாவதாக, பாங்கு தவிர மற்ற நிகழ்ச்சிகளுக்கு வெளி ஒலிபெருக்கியைப் பயன்படுத்துவதைக் குறைத்துக்கொள்வோம். பகலில் உறங்கும் இரவுப் பணியாளரும், நோயாளிகளும், கைக்குழந்தைகளும் நம்மைச் சுற்றி உள்ளனர். அவர்களுள் பிற சமயச் சகோதரர்களும் அடங்குவர்.

நான்காவதாக, நம் மதரஸாவில் தங்கி ஓதும் மாணவர்களுக்கு இரவு விளக்கணைக்கும் நேரத்தை உறுதியாக வகுக்க வேண்டும். பஜ்ருக்கு எழும் பிள்ளை இரவு 9 மணிக்குள் படுத்தாக வேண்டும். உறக்கம் நிறைந்த பிள்ளைக்கே ஓதியது மனத்தில் நிற்கும். விடுதிப் பொறுப்பாளர்களும் உஸ்தாதுமார்களும் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டுகிறோம்.

அன்பிற்குரியவர்களே! இவற்றைப் பற்றிப் பொதுக்குழு உறுப்பினர்கள் தம் கருத்துக்களைத் தாராளமாகக் கூறலாம். மாற்றுக் கருத்து இருந்தாலும் கூறுங்கள், கலந்தாலோசித்து முடிவெடுப்போம். ஆனால் மோதினார் அவர்களுக்கு ஓய்வு அளிப்பது பற்றிய முடிவை மட்டும் அடுத்த ஆண்டுக்கு ஒத்தி வைக்காமல், இந்தக் கூட்டத்திலேயே எடுத்துவிட வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

வல்ல ரஹ்மான் நம் இரவுகளை அமைதி நிறைந்தவையாகவும், நம் பகல்களை உழைப்பு நிறைந்தவையாகவும் ஆக்குவானாக! நமக்காகக் கண் விழிப்பவர்களின் உடல் நலத்தையும் வாழ்வையும் பாதுகாப்பானாக! நம் பிள்ளைகளை பஜ்ர் வேளையில் புத்துணர்ச்சியோடு எழுபவர்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.